இருபரிமாண ஜெல்லா, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியா?

பினாங்கில் முதுகலை ஆய்வு தொடங்கியிருக்கும் தங்கை கேட்டாள்: நெல் வேர்ச் செல்களைச் சுற்றியிருக்கும் பிளாஸ்மா சவ்வில் உள்ள புரதங்களை எப்படி அடையாளம் காண்பது?

இருபரிமாண ஜெல் பார்க்கவே அழகு. முதலில் மின்னேற்றத்தாலும் பிறகு எடையாலும் பிரிந்த புரதப் புள்ளிகள். பாஸ்பேட் ஒட்டிய வடிவம்கூடத் தள்ளித் தெரியும். ஆனால் சவ்வுப் புரதங்கள் தண்ணீருக்கு ஒட்டாதவை. மின்னேற்றத்தால் பிரிக்கும் முதல் கட்டத்திலேயே திரண்டு படிந்துவிடும். சவ்வை 6 முறை கடக்கும், தண்ணீரைக் கடத்தும் அக்வாபோரின், 10 முறை கடக்கும், புரோட்டானை வெளியேற்றும் புரோட்டான் பம்ப், இவைதானே நாம் தேடுவது? அவைதான் நழுவும்.

எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளில் கரைத்து, பிறகு அதை நீக்கி, புரதத்தை வெட்டும் டிரிப்சின் நொதியால் வெட்டி, துண்டுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு நேராக அனுப்பினால், சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளே பல புரதங்களைக் காட்டிக்கொடுக்கும். அவளுக்கு இதைத்தான் சொன்னேன்.

எதுவானாலும், முதலில் பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG), டெக்ஸ்ட்ரான் இரண்டும் கலந்து இரண்டு அடுக்காகப் பிரியும் கரைசலில் மேலடுக்கைப் பொறுமையாக எடு, தங்கச்சி. பிளாஸ்மா சவ்வு அங்கேதான் சேரும்.