மத்தில் கடைந்த வெண்ணெய் என்று தண்ணீரை எடை போட்டு விற்கிறார்கள்

வீட்டில் மத்துப் போட்டுக் கடைந்தது என்று சொல்லி விற்பவரிடம் ஒரு கிலோ வெண்ணெய் வாங்கினேன். பானை, கயிறு சுற்றிய மத்து, திரண்டு மிதக்கும் வெண்ணெய் என்று வீடியோ எல்லாம் அனுப்பியிருந்தார்.

டப்பாவைத் திறந்ததும் ஊசிப்போன மோர் வாடை. தயிரைக் கடைந்து எடுத்தால் இலேசாகப் புளிப்பு மணம் இருக்கும், அது வேறு. கத்தி வைத்த இடத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. கரண்டியால் அழுத்தினால் வெள்ளையாக வடிந்தது. சரி, உருக்கிப் பார்ப்போம் என்று அடுப்பில் வைத்தேன். சடசடப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. வடிகட்டி எடை போட்டால் அரை கிலோவுக்குச் சற்று மேலே நெய், அவ்வளவுதான்.

கேட்டதற்கு, "கையால கடைஞ்சா தண்ணி இருக்கத்தாங்க செய்யும், இது மெஷின் வெண்ணெய் இல்லையே" என்றார். பாதி உண்மை என்பதால் இந்தப் பதிலில் பலரும் அடங்கிவிடுவார்கள். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரப்படி வெண்ணெயில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையால் கடைந்ததில் ஈரம் கொஞ்சம் கூடும்தான். அதற்காகக் கிட்டத்தட்ட பாதியா?

தயிர் சூடாக இருக்கும்போது கடைந்தால் வெண்ணெய் மணி மணியாகத் திரளாது. கொழகொழவென்று சேர்ந்து மோரை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் கடைவதும், வெயில் நாளில் குளிர்ந்த நீர் விடுவதும் இதனால்தான். திரண்டதை அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசி, பிறகு பிசைந்து நீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். கை வலிக்கிற வேலை அதுதான். அதை விட்டுவிட்டால் விற்பவருக்கு எடை கூடும், உள்ளே தங்கிய மோரால் வெண்ணெய் சீக்கிரம் கெடும். வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு வைப்பது பழைய பழக்கம், குற்றமில்லை. ஆனால் அந்தத் தண்ணீரோடு சேர்த்துத் தராசில் வைக்கிறார்களா என்று பாருங்கள்.

நிறத்தை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். எருமை வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும், பசு வெண்ணெய்தான் மஞ்சள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நீங்கள் வாங்குவதானால் முதலில் 100 கிராம் மட்டும் வாங்கி உருக்குங்கள். நெய் 80 கிராமை ஒட்டி வர வேண்டும். கைக் கடைசல் என்பதற்காக 70 வரை விட்டுக்கொடுக்கலாம், அதற்குக் கீழே போனால் அந்த ஆளிடம் கிலோ கணக்கில் ஆர்டர் போடாதீர்கள்.