தியலுமவா, பம்பரகந்தவா: நண்பர்களோடு ஒருநாள் மலைநடைக்கு எது பொருந்தும்?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, இலங்கையின் மிக உயரமான இரு நீர்வீழ்ச்சிகளையும் தொட்டுச் செல்கிறது. ஹல்துமுல்லைக்கு முன்னர் வரும் கலுபஹன சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால் 263 மீற்றர் உயரமான பம்பரகந்த. கொஸ்லாந்தையைக் கடந்து வெல்லவாயவை நோக்கி இறங்கினால் 220 மீற்றர் உயரமான தியலும. உயரத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதில் பொருளில்லை. 43 மீற்றர் வித்தியாசம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கேட்க வேண்டியது, உங்கள் குழு அங்கே நடக்கப் போகிறதா, குளிக்கப் போகிறதா என்பதுதான்.

குளிக்க விரும்புவோருக்குத் தியலுமவே சரி. பூணாகலை ஓயா மலை விளிம்பிலிருந்து விழுவதற்கு முன்னர், மேலே பாறைத் தளங்களில் சிறு சிறு அருவிகளாகவும் தடாகங்களாகவும் படிப்படியாக இறங்குகிறது. அந்தத் தடாகங்களுக்காகத்தான் பெரும்பாலானோர் ஏறுகிறார்கள். கொஸ்லாந்தைப் பக்கமாக ஆட்டோவில் மேலே சென்று, மீதித் தூரத்தை மட்டும் நடந்து முடிக்கும் சுலபமான வழி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையோரத்திலிருந்து இறப்பர் மரங்களினூடாகச் செங்குத்தாக ஏறும் வழி மற்றொன்று. வெயில் ஏறிய பின் அதில் கால் வைத்தால் மூச்சு வாங்கும், ஆகவே காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது. இதில் பலர் முன்கூட்டி எண்ணிப்பார்க்காத ஒரு குறை இருக்கிறது: மேலே நிற்பவருக்கு நீர்வீழ்ச்சியே தெரியாது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மறைவதை மட்டுமே காணலாம். முழு வீழ்ச்சியையும் பார்க்க, கீழே நெடுஞ்சாலைப் பாலத்தருகே நின்றாக வேண்டும். அந்த விளிம்பில் வேலி எதுவும் இல்லை. பாசி படிந்த பாறையில் வழுக்கி உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால், படம் எடுப்பதற்காக ஓரத்துக்குப் போகும் நண்பரைப் பின்னிழுக்க ஒருவர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

பம்பரகந்தவில் நிலைமை நேர்மாறானது. நீர்வீழ்ச்சி முழுமையாகக் கண்முன் நிற்கும். ஆனால் கலுபஹனவிலிருந்து வாகனத்தில் போய், பைன் மரங்களிடையே சிறிது தூரம் ஏறித் திரும்புவதை மலைநடை என்று சொல்வதற்கில்லை. அதை உண்மையான மலைநடையாக்குவது மேலிருந்து இறங்கும் பாதை. நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலைக்கு அடுத்து வரும் ஒஹியவில் இறங்கி, உடவேரியா தேயிலைத் தோட்டத்தைக் கடந்து, ‘டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்’ எனப்படும் வளைந்து வளைந்து இறங்கும் கரடுமுரடான பாதை வழியாக நீர்வீழ்ச்சிக்கு வந்து, பின் கலுபஹனவில் பஸ் பிடிப்பதற்குள் ஒரு பகல் முழுவதும் கழிந்துவிடும். குளிர்ந்த தேயிலைச் சரிவில் தொடங்கி, புல்வெளியையும் பைன் காட்டையும் தாண்டி, புழுக்கமான அடிவாரத்தில் முடியும் அந்த நடையில் நீர்வீழ்ச்சி கடைசியில் கிடைக்கும் ஒரு பங்கு மட்டுமே. இறக்கம்தானே என்று யாரும் அலட்சியமாக எண்ண வேண்டாம். ஏற்றம் மூச்சைச் சோதித்தால் இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். அன்றிரவு மாடிப்படி இறங்கும்போதுதான் அதன் முழுக் கணக்கும் தெரியவரும்.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு: தண்ணீர் அழகாக இருக்கும் காலமும் பாதை பாதுகாப்பாக இருக்கும் காலமும் ஒன்றாக அமைவதில்லை. வறண்ட மாதங்களில் பம்பரகந்த மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். அப்படி நீர் குறைந்த நாட்களில்தான் தியலுமவின் தடாகங்கள் இறங்கக்கூடியவையாக இருக்கும். ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை வரை இந்தச் சரிவுகளில் அட்டைக்கடியை விடப் பெரிய அச்சம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் ‘லயன்’ எனப்படும் வரிசை வீடுகளை மண் மூடியது, தியலுமவுக்கு அருகிலுள்ள இதே கொஸ்லாந்தைப் பகுதியில்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால், எத்தனை நாள் திட்டமிட்ட பயணமாயினும் தள்ளிவைப்பதே முறை. மலையக ரயில் பாதை மழையில் தடைப்படுவது வழக்கமாதலால், ஒஹிய வழியைத் தெரிவு செய்வோர் முதல்நாளே ரயிலைப் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாகச் சிலர் ஹோட்டன் சமவெளியின் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைச் சொல்வதுண்டு. அது ஏறக்குறைய 9.5 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் வருகிறது, பாதை தெளிவானது, ஆனால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், குளிக்கவும் முடியாது. குடும்பத்தோடு போக ஏற்றது. நான் இங்கே பேசும் வகையைச் சேர்ந்ததல்ல.

குழுவில் நடந்து பழகாத ஒருவராவது இருந்தால் தியலுமவையே சொல்வேன், ஏனெனில் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கீழிருந்து ஏறி மேலே சந்தித்துக்கொள்ளலாம். ஒஹிய பாதையில் அப்படிப் பிரிய வழியில்லை. பாதி தூரம் வந்தவர் மீதியையும் நடந்தே தீர வேண்டும். எல்லோரும் நல்ல நடையாளர்கள் என்றால் என் தெரிவு சந்தேகமின்றிப் பம்பரகந்த, அதுவும் ஒஹியவிலிருந்து, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரோடும் மதியத்துக்குக் கட்டிய ரொட்டி சம்பலோடும். வழி குழம்பினால் தோட்டத்தில் தமிழிலேயே கேட்கலாம்; ஆனால் தோட்டத்தைக் கடந்த பின் நெடுந்தூரத்துக்குக் கேட்க ஆள் கிடைப்பது அரிது, எனவே அங்கேயே ஒருமுறை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.