ஒலிவ மர அட்டையும் என் 680 வெள்ளியும்

பழைய பூ ஆல்பம் சேர்க்கிறவர்கள், முக்கியமாக மலேசியாவில் பேராக் பக்கம் இருப்பவர்கள், "துரை பங்களாவில் கிடைத்தது" என்று யாராவது எருசலேம் ஆல்பம் ஒன்றை நீட்டினால், காசை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 680 வெள்ளி (ரிங்கிட்) விட்டேன். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த நான் இந்த விஷயத்தில் ஏமாந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஏன் என்று கடைசியில் புரியும்.

இந்த ஆல்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் எருசலேம் போனவர்கள் வாங்கி வந்த நினைவுப் பொருள். ஒலிவ மரப் பலகையில் இரண்டு அட்டை, முதுகில் தோல். உள்ளே பக்கத்துக்கு ஒரு சின்னப் பூங்கொத்து, அழுத்திக் காயவைத்து ஒட்டியது. கீழே பெத்லகேம், கெத்செமனே, ஒலிவ மலை என்று இடத்தின் பெயர் இரண்டு மூன்று மொழிகளில் அச்சாகியிருக்கும். கான்வென்ட்டில் படித்தபோது ஒரு சிஸ்டர் தன்னுடையதைக் காட்டினார். தொடவிடவில்லை. அந்தக் குறைதான் இத்தனை வருடம் கழித்து என்னை வாங்க வைத்தது என்று நினைக்கிறேன். இதுவரை நான்கு சேர்த்திருக்கிறேன், எல்லாம் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தவை.

இந்த வியாபாரி பழைய பொருள் விற்பவர். பெயர் வேண்டாம். கைப்பேசியில் படம் அனுப்பினார். "அக்கா, பால்மரத் தோட்டத்துத் துரை பங்களா சாமான்கா, கிராணி வீட்டில் பெட்டியில் கிடந்தது" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. அவ்வளவுதான் சொன்னார். மீதிக் கதையை நானே எழுதிக்கொண்டேன். துரைமார்கள் லீவில் சீமைக்குப் போகும் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகத்தான் போகும், போர்ட் சயிதில் நிற்கும். அங்கிருந்து யாப்பா துறைமுகம் பக்கம்தான். யாப்பாவிலிருந்து எருசலேமுக்கு 1892இலேயே ரயில் வந்துவிட்டது. ஆக, ஒரு துரை வழியில் இறங்கி எருசலேமைப் பார்த்துவிட்டு இதை வாங்கியிருக்கலாம்! எனக்குத் தெரிந்த விஷயமெல்லாம் அவர் பொய்க்கு முட்டுக்கொடுத்தது. அன்று ராத்திரியே பணம் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. முகவரியும் கேட்கவில்லை.

பொருள் வந்தது. அட்டை உண்மையான அட்டை, இன்றும் அதைச் சந்தேகப்படவில்லை. ஒலிவ மரத்துக்கே உரிய கறுப்பு வரி, மூலைகளில் தேய்மானம், நடுவில் பதித்த சிலுவை. உள்ளே திறந்ததும் பூக்கள் பளிச்சென்று இருந்தன. சந்தோஷப்பட்டேன். அங்கேதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நூறு வருடம் நம் ஊர் ஈரத்தில் கிடந்த புத்தகத்தில் ஒரு பூச்சித் துளைகூட இல்லையாம்! காய்ந்த பூவை அரிக்கும் சின்ன வண்டு இங்கே விட்டுவைக்குமா? என் உண்மையான ஆல்பங்களில் சிவப்புப் பூவெல்லாம் பழுப்பும் கருஊதாவுமாக மாறிவிட்டது. நீலம் வெளுத்தே போச்சு.

அப்புறம் அம்மா பார்த்தார். அம்மா இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாசரேத்து" என்று போட்டிருந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மூன்றாக இலை, சங்குப்பூவின் தங்கச்சி மாதிரி வெளிர் ஊதாப் பூ.

"ஏம்மா, இது நம்ம தோட்டத்துக் கொடியாச்சே? மரத்துக்கு நடுவுல மண்ணு காயாம இருக்க விடுவாங்களே, காலுல சிக்கும்."

செந்த்ரோசிமா. தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி. ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடவும் தழைச்சத்து சேர்க்கவும் விட்ட கொடி. நான் சின்ன வயதில் அதன் மேல்தான் ஓடி விளையாடினேன். "பெத்லகேம்" என்று போட்டிருந்த பக்கத்தில் இருந்ததோ தொட்டாச்சிணுங்கி. அம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் டவுனில் தெரிந்த பணமாற்றுக் கடையில், நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கில் காட்டினேன். அட்டையின் உட்பக்கம் ஒட்டியிருந்த பழைய தாள் மங்கலாகவே கிடந்தது. பூ ஒட்டிய தாள்கள் நீலமாக மின்னின. தாளைப் பளிச்சென்று காட்டும் ரசாயனத்தைச் சேர்ப்பது 1950ஐ ஒட்டித்தான் பரவியது. பழைய அட்டைக்குள் புதுத் தாளை வைத்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய பூக்கள் எங்கே போயின? தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வியாபாரியிடம் கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் அங்கேயும் முளைச்சிருக்கும்கா" என்றார். அதற்குப் பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் "அக்கா" என்று கூப்பிட்ட நான்கு குரல் பதிவுகளும். வாங்கப் போகிறவர்கள் முதலில் முகவரியோடு ரசீது கேளுங்கள். பூப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அட்டைப் படம் எத்தனை அழகாக இருந்தாலும். படத்தைத் தோட்டத்தில் வேலை செய்த யாராவது பெரியவரிடம் காட்டுங்கள்.

போன வாரம் ஒரு தோழி படம் ஒன்று அனுப்பினார். "கேமரன் மலை பங்களாவில் கிடைத்தது" என்று 900 வெள்ளி விலை. என்னுடையதன் மூலையில் இருக்கும் வெட்டு அதில் இல்லை, வேறு அட்டை. உள்ளே நாசரேத்துப் பக்கத்தில் அதே மூன்று இலை, அதே ஊதாப் பூ.