38 வெள்ளி மல்ட்டிமீட்டரும் என் பழைய காரும்: ஐந்து வருட அனுபவம்

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் 38 வெள்ளிக்கு (டாலர்) வாங்கிய, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மஞ்சள் நிற மல்ட்டிமீட்டர் இது. எரிச்சலில்தான் வாங்கினேன். ஒன்பது மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. அப்படியும் சனிக்கிழமை காலை தேக்காவுக்குக் கிளம்பினால் ‘டக் டக்’ என்று சத்தம்தான் வரும். "இந்த ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்காது" என்றார்கள் ஒர்க்‌ஷாப்பில். உண்மைதான், இங்கே இரண்டு மூன்று வருடம் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் நாலே மாதத்திலா?

இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். என் காரில் 14.2 வந்தது. சார்ஜ் சரியாகத்தான் ஏறுகிறது. அப்படியென்றால் நிற்கிற நேரத்தில் எதுவோ உறிஞ்சுகிறது. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன், திங்கள் முதல் வெள்ளி வரை கார் நகராது.

அன்றிரவு எங்கள் புளோக்கின் பல மாடி கார் நிறுத்தத்தில் பானட்டைத் திறந்தேன். கதவைத் திறந்தே வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தட்டி மடக்கினேன். கதவு மூடியிருப்பதாக கார் நினைக்க வேண்டுமே. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் செருகிக் கோத்தேன். முதலில் 3 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பயப்பட வேண்டாம், காருக்குள் இருக்கும் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்க அரை மணி நேரம் ஆகும். அந்த வழியாகப் போன ஒருவர், "என்ன அண்ணே, வண்டி படுத்துருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அரை மணிக்குப் பிறகும் 0.43. அது 0.05-ஐத் தாண்டக்கூடாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். டேஷ்கேமுக்கு (காரில் பொருத்தி சாலையைப் படம்பிடிக்கும் கேமரா) வயர் எடுத்திருந்த ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03!

மணிக்கு மணி 0.43 ஆம்பியர் போனால், ஒரு நாளைக்கு சுமார் 10 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி சனிக்கிழமை வரை எப்படித் தாங்கும்? கார் நிற்கும்போதும் படம்பிடிக்கிற வசதியை நான்தான் ஆசையாகப் போட்டிருந்தேன். 11.6 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் அது நிற்கும்படி அமைத்திருந்தது, அதற்குள் பேட்டரி காலி. 12.4-க்கு மாற்றினேன். அடுத்த பேட்டரி மூன்று வருடம் ஓடியது.

அதே இரவில் மீட்டரைக் கழற்றாமலே சாவியைத் திருப்பி, அதன் உள்ளே இருக்கும் ஃபியூஸையும் எரித்தேன். ஸ்டார்ட்டர் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல், மீட்டர் தாங்குவது 10.

இந்த மீட்டர் போட்ட காசை எடுத்துக்கொடுத்தது மூன்றாம் வருடத்தில். ஜோகூர் போகும் வழியில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலில் விளக்குகள் மங்கின, பேட்டரி விளக்கு மினுக்கியது. "ஆல்டர்னேட்டர் போச்சு, 480 வெள்ளி" என்றது ஒர்க்‌ஷாப். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது அந்த ஆல்டர்னேட்டர்தான். சரி, நாமும் பார்ப்போம் என்று ஹெட்லைட், ஏசி எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.3, ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.3. ஒரு வோல்ட் எங்கே போனது? ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.9. அங்கே 0.2-க்கு மேல் இருக்கக்கூடாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரைக் கழற்றினால், உறைக்குள் செம்பு பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. புது வயர் 25 வெள்ளி. இந்தச் சோதனையை இன்ஜின் ஓடி மின்சாரம் பாயும்போதுதான் செய்ய வேண்டும், நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. திரையில் வெளிச்சம் இல்லை, கார் நிறுத்தத்தில் கைபேசி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. எண்கள் மெதுவாக மாறுவதால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பது கண்ணுக்குச் சிக்காது. திரையைக் கைபேசியில் படம்பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சிவப்பு வயர் முனையில் வெடித்து, இப்போது டேப் சுற்றிக் கிடக்கிறது. இன்று வாங்குவதானால் பேட்டரியிலிருந்து வரும் டிசி மின்னோட்டத்தை, வயரைச் சுற்றிக் கவ்வியே அளக்கும் கிளாம்ப் மீட்டராகப் பார்த்து வாங்குவேன், கேபிளைக் கழற்றும் வேலையே இருக்காது. மலிவான கிளாம்ப்கள் பல வீட்டு மின்சாரம் போன்ற ஏசி மின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும், கவனம்.

போன மாதம் கீழ்வீட்டுத் தம்பி தன் ஹைபிரிட் காரைக் கொண்டுவந்தார், தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர். அதில் ஆல்டர்னேட்டரே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர் வழியாகத்தான் சின்ன 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகிறது. ‘ரெடி’ விளக்கு எரியவைத்து அளந்தேன், 14.1. காரை அணைத்துவிட்டு இரவு முழுக்க நிறுத்திய பிறகு 11.7. சின்ன பேட்டரிதான் செத்திருந்தது. "அந்த ஆரஞ்சு வயரையும் பாருங்கண்ணே" என்றார். அது உயிரை வாங்கும் உயர் மின்னழுத்த வயர். பானட்டை மூடிவிட்டேன்.