மொட்டுக் காளானா, சிப்பிக் காளானா?

புரதத்துக்காக வாங்குவதென்றால் இரண்டும் ஒன்றுதான்: 100 கிராம் பச்சைக் காளானில் 3 கிராம் சொச்சம். பருப்புக்கு ஈடாகாது, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே!

வேறுபாடு நார்ச்சத்தில் தெரியும். மொட்டில் சுமார் 1 கிராம், சிப்பியில் அதைவிட இரு மடங்குக்கு மேல். பொட்டாசியத்திலும் நியாசின் என்ற பி3 வைட்டமினிலும்கூட சிப்பியே முந்துகிறது. செலினியம் என்ற தாது மட்டும் மொட்டில் கூடுதல். கலோரியும் அதில் குறைவு, 33க்கு 22. ஆனால் எண்ணெயில் வதக்கினால் அந்தக் கணக்கே போச்சு. காளான் பஞ்சுபோல் எண்ணெயைக் குடிக்கும்.

வைட்டமின் டி? அதற்கு வகையைவிட வெயில்தான் முக்கியம். நறுக்கி நண்பகல் வெயிலில் சிறிது நேரம் வைத்தால் இரண்டிலுமே கூடும்.

என் ஓட்டு சிப்பிக்கு. அடித்தண்டு மட்டும் மெல்ல வராது, வெட்டி எறிந்துவிடுங்கள்.