31ஆம் வகுப்பு டீசல் லோகோ: பழைய எஞ்சினா, புது எஞ்சினா, பெயின்ட் மட்டுமா?

தென்னாப்பிரிக்க ரயில்வேயின் மெயின் லைனுக்கு முதலில் வந்த டீசல்-எலெக்ட்ரிக் இனம் 31ஆம் வகுப்பு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் யு12பி மாடல், 1958இல் இறங்கியது, மொத்தம் 45. எஞ்சின் கூப்பர்-பெஸ்ஸமர் வி8, 1,320 குதிரைத்திறன். இப்படி ஒன்று மியூசியம் கையில் கிடைத்தால் கமிட்டியில் மூன்று கட்சி கிளம்பும்: பெயின்ட் அடித்து நிறுத்துவோம், பழைய எஞ்சினையே ஓட்டுவோம், அதை இறக்கிவிட்டுப் புதுசு ஏற்றுவோம். ஓட்டெடுப்புக்கு முன் தண்ணீர் டெஸ்டும் (எஞ்சினில் கசிவு உண்டா என்று பார்ப்பது) மெகர் ரீடிங்கும் (கம்பிச் சுருளின் இன்சுலேஷன் அளவு) கையில் இருக்க வேண்டும்.

பெயின்ட் வழி மலிவு. ஆனால் பின்னாளில் ஓட்டும் வாய்ப்பைச் சத்தமில்லாமல் கெடுப்பதும் அதுதான். கல்ஃப் ரெட் என்ற சிவப்பும் முகப்பில் மீசை போன்ற மஞ்சள் பட்டையும் அடிக்குமுன் மணல் வீசித் துரு எடுப்பார்கள். ஏர் இன்டேக், ஜெனரேட்டர், டிராக்ஷன் மோட்டார் (சக்கரத்தைச் சுற்றும் மோட்டார்) எதையும் மூடாமல் செய்தால் மணல் ஆர்மேச்சருக்குள் (உள்ளே சுழலும் சுருள்) குடியேறிவிடும். பேட்டரிப் பெட்டியின் தரை நிச்சயம் அரித்திருக்கும். அங்கே தகடு வெல்ட் செய்யும்போது எர்த் கிளாம்பைத் தண்டவாளத்தில் மாட்டினால் கரன்ட் ஆக்சில் பேரிங் வழியாக இறங்கி ரோலரில் குழி போடும். கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் பைப்பில் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிகள் வந்தபின் அது தன்னார்வலர்கள் சனிக்கிழமை கத்தியால் சுரண்டும் வேலையல்ல.

பழைய எஞ்சின் வழியில்தான் வேலை அதிகம், பலனும் அதிகம். முதலில் எல்லா சிலிண்டரின் டெஸ்ட் பிளக்கையும் கழற்றி, கையால் பார் (நெம்புகோல்) போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு முழுச் சுற்று போனால்தான் எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். அடுத்து கிராங்க்கேஸ் கதவுகளைத் திறந்துவைத்து, தண்ணீர் நிரப்பி, மெல்ல அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விடுங்கள். லைனருக்கு (சிலிண்டரின் உள்குழாய்) அடியில் சொட்டினால் ஓ-ரிங் இறுகிப்போயிருக்கும். அது தீரும் கோளாறு. பிளாக்கிலேயே விரிசல் என்றால் இந்த வழி அடைபட்டது.

ஸ்டார்ட் செய்யுமுன் வெளிப் பம்ப் வைத்து, ஒவ்வொரு மெயின் பேரிங்கிலும் ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை லூப் ஆயில் தள்ள வேண்டும். சிலிண்டருக்குப் போகும் டீசலின் அளவை மாற்றும் ஃபியூல் ராக்கை மறக்காதீர்கள். பழைய டீசல் பிசினாகி, ராக் திறந்த நிலையில் இறுகியிருந்தால் எஞ்சின் கிளம்பியதும் அடங்காது. வேகம் மிஞ்சினால் எஞ்சினை நிறுத்தும் ஓவர்ஸ்பீட் டிரிப்பைக் கையால் தட்டி, ராக் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

உதிரிப்பாகம்? ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பின்னால் வந்த எஃப்.டி.எல். எஞ்சின்கள் இதன் வாரிசுகள். சிலிண்டரின் துளை 9 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 10.5 அங்குலம் என்பதும் மாறவில்லை. அதற்காக எல்லாம் மாட்டும் என்று நம்பி ஆர்டர் போடாதீர்கள், பார்ட் நம்பரை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

அடுத்து மெகர் ரீடிங். 1970க்கு முந்திய வைண்டிங்குக்கு (கம்பிச் சுருள்) வழக்கமான குறைந்தபட்சம், கிலோவோல்ட்டோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மெகோம். இங்கே சுமார் 2. டர்பனின் ஜனவரி ஈரத்தில் அளந்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஹீட்டர் வைத்து மெல்ல உலர்த்தி மீண்டும் அளங்கள். கார்பன் தூசியை வேக்குவத்தால் இழுங்கள். காற்றடித்தால் அது இன்னும் உள்ளே போகும். 64 வோல்ட் பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். முன்னாலேயே வைத்தால் செம்பு கேபிளோடு சேர்ந்து காணாமல் போகும், நம் ஊர் நிலவரம் தெரிந்ததுதானே.

புது எஞ்சின் கட்சியின் வாதம், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் என்பது. சரிதான். ஆனால் இன்றைய சிறிய எஞ்சின்கள் 1,800 ஆர்.பி.எம்.மில் ஓடுபவை; பழையது 1,000. அந்த வேகத்தைப் பழைய டி.சி. ஜெனரேட்டரின் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) தாங்காது. எனவே ஜெனரேட்டரும் போகும். ஆல்டர்னேட்டர், ரெக்டிஃபையர், புது கன்ட்ரோல் எல்லாம் வரும். பாரம்பரியப் பெட்டிகளுக்கு வேக்குவம் பிரேக் என்பதால் வேக்குவத்தை உண்டாக்கும் எக்ஸாஸ்டருக்கும் வேறு டிரைவ் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது 31இன் கூடும் சக்கரச் சட்டமான போகியும்தான். அபூர்வ வண்டிக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

பிளாக் விரிசல் என்றால் எங்கள் ஓட்டு பெயின்ட்டுக்கு. அப்போதும் பிரஷ்களைக் கம்யூட்டேட்டரிலிருந்து தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் செம்பில் பச்சைக் கறை அரிக்கும். தண்ணீரை முழுதாக வடியுங்கள். ஹாட்ச்களை வெல்ட் செய்யாமல் போல்ட் போட்டு மூடுங்கள்.