'லிமிடெட் எடிஷன்' ரிக்கார்டுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"இரண்டு எல்.பி., 180 கிராம், ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்தது, மொத்தமே 500 பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி எண்." எல்.பி. என்றால் பெரிய இசைத்தட்டு, மாஸ்டர் டேப் என்றால் பாட்டின் மூல ஒலிநாடா. இந்த விளம்பரத்தைப் பார்த்து ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் பழைய சினிமாப் பாட்டு ரிக்கார்டு சேர்ப்பவர்கள் பலரும் பெட்டிக்கு 6,500 ரூபாய் முன்பணம் கட்டினோம். சொன்ன தேதி தாண்டிப் பல மாதம் கழித்துத்தான் பெட்டி வந்தது. இரண்டு எல்.பி. என்பதைத் தவிர விளம்பரத்தில் இருந்த வேறு எதையும் நம்ப இடமில்லை. புகார் கொடுக்கும் வேலை நடப்பதால் விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. பெட்டியில் என்ன கோளாறு, அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறோம். இதே மாதிரி விளம்பரங்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன.

முதலில் எண். தண்டையார்பேட்டையில் ஒரு பெட்டியிலும் பெரம்பூரில் ஒரு பெட்டியிலும் 217/500. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 7-இன் காலில் ஒரே இடத்தில், ஒரே அளவுக்கு மை விட்டுப்போயிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அட்டைப் படத்தைப் போலவே எண்ணும் வண்ணப் புள்ளிகளால் ஆனது. அதாவது அட்டை அச்சாகும்போதே எண்ணும் சேர்ந்து அச்சாகிவிட்டது. தனி எண் போட வேண்டுமென்றால் அட்டை அச்சாகி வந்த பிறகு ஒவ்வொன்றாக நம்பரிங் மெஷினில் குத்த வேண்டும், இல்லையென்றால் கையால் எழுத வேண்டும். பிராட்வே பக்கம் பில் புத்தகம் அடிக்கிற அச்சகங்களில் தினமும் நடக்கிற வேலைதான் இது. பெரிய செலவும் இல்லை. குத்திய எண்ணைத் தடவினால் விரலுக்கு லேசான பள்ளம் தட்டுப்படும். டிஜிட்டல் அச்சிலும் எண்ணை மாற்றி மாற்றி அடிக்கலாம், ஆனால் அப்போதும் ஒரே எண் இரண்டு பெட்டியில் வர வழியில்லை. எண்ணே இரட்டிக்கிறது என்றால் 500 என்ற கணக்கும் பொய்தான். எத்தனை அடித்தார்களோ!

எடைக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உறையை எடுத்துவிட்டுத் தட்டை மட்டும் வையுங்கள். 180 கிராம் என்றால் நாலைந்து கிராம் முன்பின் இருக்கலாம். எங்களுக்கு வந்தவை 130-ஐச் சுற்றியே நின்றன. எடை கூடினால் ஒலி கூடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. 120, 140 கிராமில் அருமையாகப் பாடும் தட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. கனமான தட்டு விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எடையைச் சொல்லிக் காசு வாங்கினால் எடை இருக்க வேண்டும்.

அடுத்தது, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முறையாகத் தயாரான தட்டில் அங்கே மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பதிப்பின் அடையாள எண்) பொறித்திருக்கும். பலவற்றில் க்ரூவை (ஊசி ஓடும் பள்ளத்தை) வெட்டிய இன்ஜினியரின் இனிஷியலோ தொழிற்சாலைக் குறியோ கூட இருக்கும். எங்கள் தட்டில் இருந்த எண்ணுக்கும் லேபிளில் போட்ட எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. லேபிளின் ஓரத்தையும் நகத்தால் மெதுவாகச் சீண்டிப் பாருங்கள். பிரஸ்ஸில் அச்சு வைத்து அழுத்தி அடித்த தட்டில் லேபிள் காகிதம் சூட்டிலும் அழுத்தத்திலும் பிளாஸ்டிக்கோடு ஒன்றிப்போயிருக்கும், பசை கிடையாது. லேபிள் ஸ்டிக்கர் மாதிரி எழும்பினால் அது ஒவ்வொன்றாக லேத் இயந்திரத்தில் வெட்டிய தட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஒலி தணிவாக இருக்கும், இரைச்சல் அதிகம், சீக்கிரம் தேயும். அதைப் பிரஸ்ஸிங் விலைக்கு வாங்காதீர்கள்.

இனி ஒலி. இதுதான் வயிற்றெரிச்சல். மாஸ்டர் டேப் என்று சொன்னார்களே, அதைச் சோதிக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். டர்ன்டேபிளிலிருந்து கம்ப்யூட்டருக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். தட்டின் வெளி ஓரத்தில் இருக்கும் முதல் பாட்டை எடுங்கள், ஏனென்றால் உள்ளே போகப் போக உயர் ஒலி இயல்பாகவே மங்கும். ஜால்ராவோ சிம்பலோ பலமாக ஒலிக்கும் இடத்தை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த உயரம் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தில்) பாருங்கள். பழைய டேப் பதிவில் உயர் ஒலி படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். எங்கள் தட்டில் 16 கிலோஹெர்ட்ஸில் பாட்டு நேர்க்கோடாக அறுந்து நின்றது, அதற்கு மேல் ஊசி உரசும் இரைச்சல் மட்டும்தான். 128 கேபிபிஎஸ் எம்பி3 (அளவைச் சுருக்கிய ஒலி ஃபைல்) சாதாரணமாக அறுபடும் இடம் அதுவே. ஃபோனில் சும்மா கிடைக்கும் ஃபைலைத் தட்டில் ஏற்றி 6,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள்.

போதாததற்கு, ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, 27 நிமிடம். 33⅓ வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரைதான் தாராளம். அதற்கு மேல் நெருக்கினால் க்ரூவ்களுக்கு இடம் பற்றாமல் ஒலியளவையும் பாஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். தபேலாவும் டோலக்கும் உயிரில்லாமல் கேட்டதற்குக் காரணம் இது. பாட்டுப் பட்டியல் விளம்பரத்திலேயே இருக்கும். ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நடுத்துளை தள்ளியிருப்பது இன்னொரு குறை. தட்டு சுற்றும்போது டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) சுற்றுக்கு ஒருமுறை இடமும் வலமுமாக ஆடும். நீண்ட வயலின் இழுப்பு அலைபாயும். கழுவினாலும் போகாத 'சர்ர்' சத்தம் வந்தால் அச்சில் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பவில்லை என்று அர்த்தம். இவை பெரிய கம்பெனித் தட்டிலும் வரும். அவர்கள் மாற்றித் தருவார்கள், இவர்கள் "கழுவிப் போடுங்க சார்" என்றார்கள்.

500 என்பதைப் பற்றி ஒரு விஷயம். ஒரு ஜோடி ஸ்டாம்பரில் (தட்டை அழுத்தி எடுக்கும் உலோகத் தகடு) ஆயிரம் தட்டு வரைக்கும் கூட அடிக்கலாம். 300, 500 என்பது பல தொழிற்சாலைகளில் எடுக்கும் மிகச் சிறிய ஆர்டர். ஆகவே 500 தட்டு என்பது தரத்துக்காக வைத்த வரம்பு இல்லை, அவ்வளவுதான் முதலீடு. ஸ்டாம்பரோ அதை எடுத்த உலோக அச்சோ பத்திரமாக இருந்தால் அடுத்த வருடம் நீலத் தட்டு, அதற்கடுத்து சிவப்புத் தட்டு என்று அடித்துக்கொண்டே போகலாம். "இந்த நிறத்தில் மட்டும் 500" என்பதும் "இந்த ரீமாஸ்டரே (பழைய பதிவைச் சீராக்கிய புதிய ஒலி) இனி வராது" என்பதும் வேறு வேறு. விற்பவரிடம் எது என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 2008-இல் தொடங்கிய ரிக்கார்டு ஸ்டோர் டே (ரிக்கார்டு கடைகளுக்கான கொண்டாட்ட நாள்) வெளியீடுகளிலும் 'எக்ஸ்குளூசிவ்' என்று ஒரு வகை, 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு வகை உண்டு. இரண்டாவது வகை பிறகு பொதுக் கடைகளுக்கும் வரும். அதையே இங்கே இன்ஸ்டாகிராமில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

மாஸ்டர் டேப் என்ற பேச்சிலும் கவனம் தேவை. மொபைல் ஃபிடிலிட்டி போன்ற பேர்பெற்ற அமெரிக்க ரிக்கார்டு நிறுவனமே, முழுக்க அனலாக் (கம்ப்யூட்டர் எண்களாக மாற்றாத ஒலி) என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகளில் இடையில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை 2022-இல் ஒப்புக்கொண்டது, வழக்கும் வந்தது. அந்தத் தட்டுகள் நன்றாகவே ஒலித்தன என்பதும் உண்மை. டிஜிட்டலில் குற்றமில்லை, எதிலிருந்து எடுத்தோம் என்பதை மறைத்ததுதான் குற்றம்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் எந்த ரிக்கார்டும் வாங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52ஏ: ஒலிப்பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு இத்தனையும் தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் ஒரு லோகோவும் மின்னஞ்சல் முகவரியும்தான் இருந்தன. எம்.ஆர்.பி.கூட இல்லை. உரிமம் பெற்று வெளியிடுபவர் இவற்றை மறைக்கத் தேவையே இல்லை.

அப்படியென்றால் லிமிடெட் எடிஷனே வேண்டாமா? கேட்பதற்காக வாங்கும் ரசிகருக்கு எங்கள் பதில்: உரிமம், மூலம், மாஸ்டரிங் செய்தவர், அடித்த தொழிற்சாலை ஆகிய நான்கும் அச்சில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். நல்ல ரீமாஸ்டர், பெரிய அட்டைப் படம், பாட்டு வரிகளோடு புத்தகம் என்றால் காசுக்குத் தகும். இல்லையென்றால் சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில், மூர் மார்க்கெட் கடைகளில் தேடி, கீறல் குறைந்த பழைய எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ கம்பெனித் தட்டை வாங்குங்கள். விலையும் குறைவு, ஒலியும் மேல்.

நாளைக்கு விலை ஏறும் என்று வாங்குபவர்கள் டிஸ்காக்ஸ் என்ற ரிக்கார்டு விற்பனைத் தளத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது, உண்மையில் விற்றுப்போன விலையின் நடுமதிப்பைப் பாருங்கள். நிறம் மாற்றி அடித்த தட்டுகளைவிட அந்தக் காலத்து முதல் பிரஸ்ஸிங்கைத்தான் ஆட்கள் தேடுகிறார்கள். பிரிக்காமல் வைத்தால் மதிப்பு என்று அப்படியே அடுக்கி வைப்பதும் ஆபத்து. நம்மூர் வெயிலில் இறுக்கமான பிளாஸ்டிக் உறை சுருங்கித் தட்டை வளைக்கும், உள்ளே வேறு தட்டு இருந்தாலும் தெரியாது.

பணம் கட்டும் முறையிலும் ஒன்று. தனிநபரின் யுபிஐ-க்கு அனுப்பிய பணம் லேசில் திரும்பாது. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தரும் கடையில் கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுதல்) கேட்கலாம். பெட்டி பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி ஒரே வீடியோவாக எடுங்கள், இடையில் நிறுத்த வேண்டாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சரக்கு மோசம் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. மறுவிற்பனைக்காக வாங்கியவர் அந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். "ஒன்று கேட்க, ஒன்று விற்க" என்று விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதையே எதிராகக் காட்டுவார்கள்.

இதே பெட்டியை வாங்கியவர்கள் தட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன் எண், வெற்று வளையம், தராசில் எடை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே வழக்குத் தொடுக்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.